காரைக்குடி லாரி பட்டறை ரிவ்யூ: ரேடியேட்டர் தண்ணி இன்டேக்குள்ள எப்படிப் போச்சுன்னு கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க

மூணு பட்டறைக்குப் போனோம், இது மூணாவது பட்டறையைப் பத்தின ரிவ்யூ. மொத ரெண்டு எடத்தையும் பேர் சொல்லி எழுதப் போறதில்ல, அங்க என்ன சொன்னாங்கங்கிறது மட்டும் வரும், அது தெரிஞ்சாத்தான் இவரு பண்ண வேலையோட அருமை புரியும். இந்தப் பட்டறைக்கும் போர்டெல்லாம் கிடையாது. காரைக்குடியில இருந்து கோட்டையூர் போற வழியில ரோட்டை விட்டு உள்ள தள்ளி ஒரு தகரக் கொட்டகை, முன்னாடி புளியமரம், நாலு வண்டி நிக்கிற அளவு எடம், அவ்வளவுதான். "அண்ணே உங்களைப் பத்தி எழுதட்டுமா"ன்னு கேட்டேன், "எழுதுப்பா, பேரு நம்பரு மட்டும் போடாத, வந்து நிக்கிற வண்டியவே முடிக்க ஆளு இல்ல"ன்னாரு. அதனால போடல. தேடி வர்றவங்க அந்த ரோட்டுல டீக்கடையில நிக்கிற எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க.

வண்டி எங்க அப்பா 2006ல புதுசா எடுத்தது. ஆறு சக்கரம், ஆறு சிலிண்டர் 5.9 லிட்டர் டர்போ இன்ஜின் (டர்போங்கிறது காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுறது), அந்தக் காத்தைக் குளிர வைக்கிற இண்டர்கூலர் உண்டு, எலக்ட்ரானிக்ஸ்னு ஒண்ணும் கிடையாது. இத்தனை வருஷத்துல ஹெட்டை, அதாவது சிலிண்டருக்கு மேல இருக்க மூடிய, கழட்டினதே இல்ல. பெரும்பாலும் ஆத்தங்குடி கல்லுதான் (தரைக்குப் போடுற டைல்ஸ்) ஏத்துவோம், வைக்கோல் வச்சு அடுக்கி திருச்சி, சென்னைன்னு போகும், திரும்பி வர்றப்ப கிடைக்கிற லோடு. கல்லுங்கிறது சும்மா இல்லங்க, கண்ணாடி மேல கலர் ஊத்தி கையால பண்ணி தண்ணியில ஊறப்போட்டு காய வச்சு எடுக்குறது, வழியில வண்டி நின்னு வேற வண்டிக்கு மாத்தி ஏத்துனா மூலை உடையும், அந்த நஷ்டம் நம்ம தலையில. அதனால வண்டி நடு ரோட்டுல நிக்கக் கூடாதுங்கிறதுதான் எங்களுக்கு எப்பவும் பயம்.

பிரச்சினை எப்படி ஆரம்பிச்சுதுன்னா, ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. மொதல்ல வாரத்துக்கு ஒரு லிட்டர், அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒரு லிட்டர், கடைசியில தினமும். வண்டிக்கு அடியில ஒரு சொட்டு கிடையாது. ஹோஸ் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு, வாட்டர் பம்ப் பக்கம் கறை இல்ல, ஆயில் கேஜ் குச்சிய எடுத்துப் பார்த்தா ஆயில் ஆயிலாத்தான் இருக்கு, தண்ணி கலந்தா ஆகுற மாதிரி பாலா ஆகல. காலைல ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் அடிக்காத மாதிரி ஒரு ஆட்டம், ரெண்டு மூணு நிமிஷத்துல சரியாகிடும். புகையில ஒரு மாதிரி இனிப்பு வாடை. வண்டி ஓடுற நேரத்துல ரேடியேட்டர் மூடி வழியா அப்பப்ப தண்ணி தள்ளும், ரேஸ் குடுத்தா குமிழி குமிழியா வரும். டிரைவர் மாமா (அப்பா காலத்துல இருந்து எங்க வண்டியில இருக்கவரு, சொந்தமில்ல, ஆனா நான் மாமான்னுதான் கூப்புடுவேன்) கூட வண்டிக்கு வயசாச்சு தம்பி, தண்ணி குடிக்கத்தான் செய்யும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. ஒரு நாள் காலைல செல்ஃப் அடிச்சதும் "தட்"டுன்னு ஒரு சத்தம், இன்ஜின் அப்படியே நின்னு போச்சு, திரும்ப அடிச்சதும் சுத்துச்சு. அன்னைக்குத்தான் நான் பயந்தேன்.

மொதப் பட்டறையில குமிழிய மட்டும் பார்த்தாங்க. ஹெட் பேக்கிங் (ஹெட்டுக்கு அடியில கசியாம அடைக்கிற தகடு) போச்சு, ஹெட்டும் கிராக்கா இருக்கலாம், இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும், 75,000 ரூபா கிட்ட ஆகும், எட்டு பத்து நாள் வண்டி நிக்கணும்னாங்க. ரெண்டாவது எடத்துல டர்போ சீல் போயிருச்சு, அதனாலதான் வெள்ளைப் புகைன்னாங்க. ரெண்டு எடத்துலயும் ஒரு ஸ்பேனர் கூட வைக்கல, ஆளுக்கு அஞ்சு நிமிஷம். 75,000 எங்களுக்குப் பெரிய காசு, இருபது வருஷத்துக்குப் பக்கமா ஆன வண்டி, வருஷா வருஷம் எஃப்சி வேற, அப்பா வித்துடலாமாங்கிற யோசனைக்கே வந்துட்டாரு.

மூணாவதா இங்க போனோம். மேஸ்திரி அண்ணன் இன்ஜினப் பார்க்கல, எங்களைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாரு: "தண்ணி வண்டி ஓடுறப்ப குறையுதா, நிக்கிறப்ப குறையுதா?" எங்களுக்குப் பதில் தெரியல. ரெண்டு மாசமா தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கோம், இதை யோசிச்சதே இல்ல. உடனே ரேடியேட்டருக்கு மேல இருக்க டேங்க்ல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு, பக்கத்துல இருக்க திருப்பத்தூர் வரைக்கும் போயிட்டு வாங்க, வந்து ஆறவிட்டுப் பாருங்க, அப்புறம் மறுபடி சூடாக்கி நைட்டு முழுக்க மூடியத் தொறக்காம சூட்டோட நிப்பாட்டிட்டு காலைல வாங்க, காலைல செல்ஃப் மட்டும் அடிக்கக் கூடாது, கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாலும் பரவாயில்லன்னாரு. அதுக்கு அவசியமில்லாம அன்னைக்கு நைட்டு வண்டிய அங்கேயே விட்டுட்டு வந்தோம். திருப்பத்தூர் போயிட்டு வந்ததுல விரல் அகலம்தான் குறைஞ்சிருந்துச்சு. ஒரு நைட்டு சும்மா நின்னதுல மூணு விரல் இறங்கியிருந்துச்சு, கீழ தரை காய்ஞ்சு கிடக்கு.

"அப்ப நிக்கிறப்பதான் உள்ள இறங்குது"ன்னாரு அண்ணன். வண்டி நிப்பாட்டின பிறகும் சூடு ஆற மணிக்கணக்கா ஆகும், அது வரைக்கும் ரேடியேட்டர் மூடி பிரஷரைப் புடிச்சு வச்சிருக்கும், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அந்தப் பிரஷர் ஒரு சின்ன ஓட்டை கிடைச்சாப் போதும், தண்ணிய மேல் பக்கமாக்கூட ஏத்திடும்.

அப்புறம் அவரு பண்ணது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. இன்ஜின் பக்கமே போகல, வண்டிக்கு அடியில குனிஞ்சு பிரேக் ஏர் டேங்க்கோட (பிரேக்குக்கான காத்தைச் சேர்த்து வைக்கிற டேங்க்) டிரெயின் வால்வை இழுத்துவிட்டாரு. ஒரு பழைய பெயிண்ட் டப்பாவுல புடிச்சாரு. காத்தோட சேர்ந்து தண்ணி வந்துச்சு, அரை லிட்டருக்கு மேல, பச்சைக் கலர்ல. எங்க வண்டி ரேடியேட்டர் தண்ணியில நாங்க கலந்து ஊத்துறதும் பச்சைக் கூலன்ட்தான். டிரைவர் மாமா விரல்ல தொட்டு நாக்குல வச்சு "இனிக்குது"ன்னாரு. அண்ணன் டப்பாவப் புடுங்காத குறை, "அது விஷம்ணே, வாயக் கொப்புளிங்க மொதல்ல"ன்னு சத்தம் போட்டாரு. கூலன்ட்ல இருக்க எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், ஆனா உள்ள போனா கிட்னியக் காலி பண்ணிடும். நாயும் ஆடும் அந்த இனிப்புக்காகவே வந்து நக்கும், நக்குனா செத்துரும். அதனால இவரு பட்டறையில பழைய கூலன்ட்டை ஒரு சொட்டு தரையில விடுறதில்ல, மூடி போட்ட கேன்ல புடிச்சு வைக்கிறாரு. இதை நான் வேற எந்தப் பட்டறையிலயும் பார்த்ததில்ல, எல்லா எடத்துலயும் அப்படியே மண்ணுல ஊத்திவிட்டுருவாங்க. நம்ம பக்கம் ஆடு மேயாத எடம் எங்க இருக்கு சொல்லுங்க.

இதுல எங்க தப்பும் இருக்கு. ஏர் டேங்கை தினமும் டிரெயின் பண்ணணும், மாமா வாரத்துக்கு ஒரு தடவைதான் பண்ணுவாரு, பச்சையா தண்ணி வந்ததை அவரு ஏற்கனவே ஒரு தடவை பார்த்திருக்காரு, ஆயில் கலந்த ஈரம்னு நினைச்சு விட்டுட்டாரு. அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் அலைஞ்சிருக்க வேண்டாம். மழைக்காலத்துல டேங்க்ல தண்ணி சேருறது சகஜம், அது நிறமில்லாமலோ ஆயில் கலந்து பழுப்பாவோ இருக்கும். பச்சை, ரோஸ்னு கூலன்ட் கலர்ல வந்தா அது காத்துல இருந்து வந்த ஈரம் இல்ல.

இங்கதான் அண்ணன் எங்களை உட்கார வச்சு விளக்குனாரு, டீ வாங்கிக் குடுத்து, பழைய கம்ப்ரஸர் ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு. பிரேக்குக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரஸர் இன்ஜின் பக்கவாட்டுல கியர்ல மாட்டி ஓடுது. அதுக்குப் போற ஆயில் இன்ஜின் ஆயில். அதோட ஹெட் சூடாகாம இருக்க சுத்துற தண்ணி ரேடியேட்டர் தண்ணி. அது இழுக்குற காத்து எங்க வண்டியில இன்டேக் மேனிஃபோல்டுல (சிலிண்டர்களுக்குக் காத்து பிரிஞ்சு போற எடம்) இருந்து ஒரு சின்ன ஹோஸ் வழியா வருது. அதாவது ஆயில், தண்ணி, காத்து மூணும் அந்தக் கையகல ஹெட்டுக்கிட்ட மெல்லிசா ஒரு பேக்கிங்கை நடுவுல வச்சுக்கிட்டு நிக்குது. அந்தப் பேக்கிங் ஒரு பக்கம் அரிச்சாப் போதும். வண்டி ஓடுறப்ப கம்ப்ரஸர் அடிக்கிற எட்டு கிலோ காத்து தண்ணிக்குள்ள புகுந்து ரேடியேட்டர்ல குமிழியா வரும், மூடி வழியா தண்ணியத் தள்ளும், பார்க்கிறவன் ஹெட் பேக்கிங்னு சொல்லிடுவான். வண்டி நின்னா அதே வழியா தண்ணி திரும்பி, கம்ப்ரஸர் இழுக்குற ஹோஸ்ல ஏறி மேனிஃபோல்டுல போய் உட்கார்ந்துக்கும், காலைல அதை இன்ஜின் குடிச்சு வெள்ளைப் புகையா விடும். மிச்சம் கம்ப்ரஸர் சிலிண்டருக்குள்ள போய் காத்தோட சேர்ந்து ஏர் டேங்க்குக்குப் போகும். எங்க வண்டியில இருந்த அத்தனை கோளாறும் இந்த ஒரே கதையில பொருந்திப் போச்சு. எனக்கு அப்பவே சரி கழட்டிடலாம்னு தோணுச்சு, ஆனா அவரு "கதை பொருந்துனாப் பத்தாது, கண்ணால பார்க்கணும்"னுட்டாரு. நான் இந்த ரிவ்யூ எழுதுறதே அந்த வார்த்தைக்காகத்தான்.

முதல்ல சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற ஆறு நாசிலையும் கழட்டுனாரு. அதுக்கப்புறம்தான் செல்ஃப் அடிக்க விட்டாரு. மூணாவது சிலிண்டர் ஓட்டையில இருந்து புஸ்ஸுன்னு பச்சைத் தண்ணி பீச்சி அடிச்சுச்சு. பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிருச்சு. அந்த "தட்" சத்தத்துக்கு அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சுச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, இந்த இன்ஜின்ல ஒரு சிலிண்டர் கிட்டத்தட்ட 980 சிசி, கம்ப்ரஷன் 17.5க்கு 1, அப்ப பிஸ்டன் மேல வந்து நிக்கிறப்ப மிச்சம் இருக்க எடம் 60 மில்லிதான். டீக்கடை கிளாஸ்ல முக்கால் கூட வராது. காத்தை நசுக்கலாம், தண்ணிய நசுக்க முடியாது, அதுக்கு மேல தண்ணி இருந்துட்டா செல்ஃப் அடிக்கிற வேகத்துல கனெக்டிங் ராடு வளைஞ்சிரும், பிளாக்கே கூட உடையலாம். எங்களுக்கு அன்னைக்குக் கொஞ்சமாத்தான் சேர்ந்திருந்துச்சு, குலதெய்வம் காப்பாத்துச்சுன்னுதான் சொல்லணும். தண்ணி இன்டேக்ல போகுதுன்னு சந்தேகம் வந்தாலே நாசிலைக் கழட்டாம யாரையும் செல்ஃப் அடிக்க விடாதீங்க, ரெண்டு மணி நேர வேலைதான்.

அடுத்து டர்போவையும் இண்டர்கூலரையும் கணக்குல இருந்து எடுத்தாரு. இண்டர்கூலர்ல இருந்து மேனிஃபோல்டுக்கு வர்ற ரப்பர் ஹோஸைக் கழட்டி உள்ள கையை விட்டுத் துடைச்சுக் காமிச்சாரு, லேசா ஆயில் பிசுக்கு, தண்ணி இல்ல. டர்போ மேல டார்ச் அடிச்சு "பாரு தம்பி, ஆயில் பைப்பு ரெண்டு இருக்கு, தண்ணி பைப்பு எங்க இருக்கு?"ன்னாரு. இந்த டர்போவுக்கு தண்ணி லைனே கிடையாது, ஆயில்லதான் குளிரும், இண்டர்கூலரும் காத்துலதான் குளிரும். தண்ணியே போகாத எடத்துல இருந்து தண்ணி எப்படி வரும். டர்போ மாத்தணும்னு சொன்னவங்களுக்கு இது தெரியாம இருக்காதுன்னு நினைக்கிறேன், பார்க்கலங்கிறதுதான் நிஜம்.

மேனிஃபோல்டு மூடியத் தொறந்தா உள்ள குளம். அந்த எடத்துக்கு தண்ணி வர ரெண்டே வழிதான்: ஒண்ணு கீழ ஹெட்டுல போர்ட் (சிலிண்டருக்குக் காத்து போற ஓட்டை) கிட்ட கிராக், இல்லன்னா பக்கத்துல மாட்டியிருக்க கம்ப்ரஸர் ஹோஸ். முன்னது 75,000, பின்னது சில ஆயிரம். அண்ணன் உள்ள சுத்தமா துணியால ஒத்தி எடுத்து, காத்து அடிச்சுக் காய வச்சு, கம்ப்ரஸர் ஹோஸை மேனிஃபோல்டுல இருந்து கழட்டி நுனிய ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள்ள விட்டாரு. ரேடியேட்டர் மூடிக்குப் பதிலா கைப்பம்ப் ஒண்ணை மாட்டி சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு பிரஷர் ஏத்துனாரு, அந்த மூடி புடிக்கிற அதே அளவுதான். அப்புறம் எல்லாரும் சும்மா நின்னோம். பத்து நிமிஷம் ஒண்ணும் வரல, கம்ப்ரஸர் காத்து இழுக்குற ரூம் நிறையணும், அந்த ஹோஸ் முழுக்க நிறையணும், அது வரைக்கும் வெளிய தெரியாது. கால் மணி நேரம் கழிச்சு நுனியில ஒரு பச்சைச் சொட்டு திரண்டு பாட்டில்ல விழுந்துச்சு, அப்புறம் இன்னொண்ணு. மேனிஃபோல்டுக்குள்ள டார்ச் அடிச்சா காய்ஞ்சு கிடக்கு, ஆறு போர்ட்டும். அப்பா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

அதோடயும் விடல. குமிழிக்குத் தனியா சாட்சி வேணும்னு, கம்ப்ரஸருக்குப் போற தண்ணி ஹோஸையும் வர்ற ஹோஸையும் கழட்டி ரெண்டையும் ஒரு பைப் துண்டால ஒண்ணா சேர்த்துட்டாரு, கம்ப்ரஸருக்கு தண்ணியே போகாத மாதிரி. நாசிலை மாட்டி, மேனிஃபோல்டுல அந்த ஓட்டையை அடைச்சு, கம்ப்ரஸர் காத்து தள்ளுற பைப்பையும் கழட்டி வெளிய விட்டு ஸ்டார்ட் பண்ணாரு. தண்ணி இல்லாம கம்ப்ரஸர் ரொம்ப நேரம் ஓடக் கூடாது, அதனால அஞ்சு நிமிஷம்தான். ரேஸ் குடுத்தாலும் ரேடியேட்டர்ல ஒரு குமிழி இல்ல. ஹெட் பேக்கிங் போயிருந்தா கம்ப்ரஸரைத் தனியா விட்டாலும் குமிழி வந்துக்கிட்டேதான் இருக்கும். இது பைசா செலவில்லாத டெஸ்ட்டுங்க, ஒரு பைப் துண்டும் நாலு கிளிப்பும்தான். இதைப் பண்ணாம ஹெட்டை இறக்கச் சொல்றவங்க கிட்ட வண்டிய விடாதீங்கன்னு நான் பார்க்கிற ஓனர் கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்.

கம்ப்ரஸர் ஹெட்டைக் கழட்டினதும் எல்லாம் தெரிஞ்சுச்சு. தண்ணி ஓட்டைக்கும் காத்து இழுக்குற ரூமுக்கும் நடுவுல பேக்கிங் அரிச்சுப் போயிருக்கு, சிலிண்டர் பக்கமும் ஒரு கறுப்புக் கோடு. பேக்கிங் மட்டும் இல்ல, ஹெட்டோட முகமே அந்த எடத்துல புள்ளி புள்ளியா குழி விழுந்திருக்கு. தண்ணி போற வழி முழுக்க வெள்ளையா உப்புப் படிவம். காரணம் நாங்கதான். கூலன்ட் ஊத்துவோம், குறையக் குறைய போர்த் தண்ணிய ஊத்துவோம். நம்ம ஊரு போர்த் தண்ணி எப்படின்னு வீட்டுல வெந்நீர் போடுற பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும். பழைய செட்டிநாட்டு வீடுகள்ல முற்றத்துல அண்டா வச்சு மழைத் தண்ணிய ஏன் புடிச்சாங்க, ஊருக்கு ஊரு ஊரணிய ஏன் காப்பாத்துனாங்க, குடிக்கிறதுக்கு நல்ல தண்ணி வேணும்னுதான, இன்ஜினுக்கும் அதே கதைதான். அதுலயும் மனசு கஷ்டப்பட்ட விஷயம், எங்க ஊர்லயே சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நாட்டின எடம், இரும்பு ஏன் துருப்பிடிக்குது அதை எப்படித் தடுக்கிறதுன்னு ஆராய்ச்சி பண்றதும் அங்க ஒரு வேலை. அந்த காம்பவுண்டு சுவரை ஒட்டி தினம் போற வண்டிக்குள்ள நாங்க உப்புத் தண்ணிய ஊத்திக்கிட்டிருந்திருக்கோம். கூலன்ட்ங்கிறது வெறும் குளிர வைக்கிறதுக்கு இல்ல, அதுல துருவைத் தடுக்கிற மருந்து இருக்கு, தண்ணி ஊத்த ஊத்த அது நீர்த்துப் போகும். இப்ப பாதி கூலன்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர், குறைஞ்சாலும் அதே கலவைதான் ஊத்துறோம், கேபின்ல அஞ்சு லிட்டர் கேன் எப்பவும் கிடக்கு.

கம்ப்ரஸர் ஹெட்டை லேத்துக்குக் குடுத்து முகம் தேய்ச்சா இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ஆனா குழி ஆழமா இருக்கு, புதுசு போடுறது நல்லதுன்னாரு, முடிவை எங்க கிட்டயே விட்டாரு. புது ஹெட், உள்ள இருக்க தகட்டு வால்வு, பேக்கிங் செட் எல்லாம் மதுரையில இருந்து மறுநாள் பஸ்ல வந்துச்சு. இன்ஜின் ஆயிலையும் மாத்தச் சொன்னாரு, கம்ப்ரஸர் சிலிண்டர்ல இறங்குன தண்ணி ரிங்கைத் தாண்டி இன்ஜின் ஆயில்ல கலந்திருக்க வாய்ப்பிருக்கு, கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்னுடும். நைட்டு முழுக்க நிக்க விட்டு காலைல டிரெயின் போல்டை மெதுவா லூஸ் பண்ணாரு, தண்ணி கனமானது, ஆயிலுக்குக் கீழ தங்கும், இருந்தா மொதல்ல அதுதான் வரும். ஒரு ஸ்பூன் அளவு வந்துச்சு. குச்சியில பார்த்தப்ப ஆயில் நல்லாத்தான் இருந்துச்சுங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பில்லு: பார்ட்ஸ் 5,200, கூலன்ட் 2,400, ஆயிலும் ஃபில்டரும் 5,600, வேலைக்கூலி 3,000, அதுக்கு மேல "பார்த்ததுக்கு" 800. மொத்தம் 17,000. அந்த 800ஐ அப்பா மொதல்ல புரியாம என்னதுன்னு கேட்டாரு. கோளாறு என்னன்னு கண்டுபிடிக்கிறதுக்குத் தனிக் காசு, வேலைய வேற எடத்துல பார்த்துக்கிட்டாலும் அதைக் குடுத்துடணும்னு அண்ணன் சொன்னாரு. எனக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. பார்க்கிறதுக்குக் காசு இல்லன்னா மெக்கானிக் கழட்டி மாட்டுறதுலதான் சம்பாதிக்கணும், அப்ப எது பெரிய வேலையோ அதைத்தான் சொல்லத் தோணும். ஒன்றரை நாள் அவரு பார்த்த பார்வைக்கு 800 ரூபா கம்மின்னே சொல்வேன்.

குறைன்னு பார்த்தா இருக்கு, மறைக்கல. ஃபோன் எடுக்கவே மாட்டாரு, நேர்ல போனாத்தான் உண்டு. அமாவாசைக்கு பட்டறை லீவு. மூணு நாள்ல முடியும்னது அஞ்சு நாளாச்சு, நடுவுல வேற வண்டிக்குப் போயிட்டாரு, ஒரு லோடு கையை விட்டுப் போச்சு. டிரைவர்ங்க கிட்ட கொஞ்சம் கடுகடுன்னு பேசுவாரு, எங்க மாமா ரெண்டு நாள் மனசு கஷ்டப்பட்டாரு. பில்லு நோட்டுப் பேப்பர்லதான், ஜிஎஸ்டி பில் வேணுங்கிறவங்களுக்குச் சரிப்படாது.

இன்னொண்ணு கொஞ்சம் பெரிய குறை. வேலை முடிஞ்சு பத்து நாள் கழிச்சு புதுக்கோட்டை பக்கம் போறப்ப பிரேக் மிதிக்கிற வால்வுல புஸ்ஸுன்னு காத்து கசிஞ்சுச்சு. திரும்பி வந்து பார்த்தா பின்னாடி இருக்க ஏர் டேங்க்ல பழைய பச்சைத் தண்ணி அப்படியே இருக்கு, முன் டேங்கை மட்டும் சுத்தம் பண்ணிட்டு அதை விட்டுட்டாங்க. அந்தத் தண்ணி வால்வுக்குள்ள போய் கிரீஸைக் கழுவிட்டுப் போயிருச்சு. பிரேக் விஷயம், விளையாட்டு இல்ல. அண்ணன் சாக்கு எதுவும் சொல்லல, "என் தப்புதான்"னு சொல்லி எல்லா டேங்கையும் டிரெயின் பண்ணி, பைப்பை எல்லாம் ஊதி, வால்வைப் பிரிச்சு கிட் போட்டுக் குடுத்தாரு, கிட்டுக்கு மட்டும் காசு வாங்குனாரு. அப்படி ஒத்துக்கிட்டது பெருசுதான், ஆனாலும் லோடு வண்டி அன்னைக்கு சரிவுல இருந்திருந்தா என்னாகியிருக்கும்னு நினைக்கிறப்ப ஒரு ஸ்டார் குறைக்கத்தான் வேண்டியிருக்கு. உங்க வண்டிக்கு இதே வேலை நடந்தா கூடவே நின்னு எத்தனை டேங்க் இருக்கோ அத்தனையும் டிரெயின் பண்ணச் சொல்லுங்க, ஏர் டிரையர் (பிரேக் காத்துல இருக்க ஈரத்தை எடுக்குறது) இருக்க வண்டின்னா அந்த ஃபில்டரையும் மாத்திடுங்க, கூலன்ட் பட்டா அது வேலை செய்யாது.

இது வரைக்கும் 4,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. டேங்க்ல போட்ட பெயிண்ட் கோடு இன்னும் அப்படியே இருக்கு, தண்ணியும் அந்தக் கோட்டுலயேதான் நிக்குது. காலைல புகை இல்ல, செல்ஃப் அடிச்சா ஒரே சுத்துல புடிக்குது. ஏர் டேங்க் டிரெயின் பண்றது இப்ப மாமாவோட தினசரி வேலை, ஒரு வெள்ளை டப்பாவுல புடிச்சு கலர் பார்த்துட்டுத்தான் கொட்டுறாரு. அப்பா வண்டிய விக்கிற பேச்சை விட்டுட்டாரு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். போறவங்க காலைல ஒன்பது மணிக்குள்ள போயிடுங்க, அப்புறம் போனா எடம் இருக்காது. போறதுக்கு முன்னாடி இன்ஜினைத் தண்ணியடிச்சுக் கழுவிட்டுப் போகாதீங்க, கறை எங்க இருக்குன்னு அவரு பார்க்கணும், கழுவுன வண்டிய ரெண்டு நாள் ஓட்டிட்டு வான்னு திருப்பி அனுப்பிடுவாரு.